ஜூன் மாதத் தாள்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் எப்போதும் இரண்டு காலண்டர்கள் தொங்கும். ஒன்று, நாளுக்கொரு தாள் கிழிப்பது. ராகு காலம், எமகண்டம், மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் எல்லாம் பார்ப்பதற்கு அதுதான். மற்றொன்று மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதுவதும் எரிவாயு உருளை வந்த நாளைக் குறித்து வைப்பதும் அதில். மேலே இருக்கும் படத்தை ரசிப்பதற்கென்று யாரும் அதன் முன் நின்றதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் படம் பிடிக்கவில்லையென்றால் அந்தக் காலண்டர் சுவரேறாது. அலமாரித் தட்டில் விரிப்பாகவோ பாடநூலுக்கு அட்டையாகவோ போய்விடும்.

அப்படிப்பட்ட ஒரு மாதக் காலண்டருக்குப் பன்னிரண்டு புகைப்படங்கள் எடுத்துத் தரும் வேலை ஒருமுறை எனக்கு வாய்த்தது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் சொல்லிவரும் சிலவற்றை அந்த வேலை புரட்டிப் போட்டுவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வெட்டாற்றங்கரையில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உரக்கடை வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுப்பது அவருடைய வழக்கம். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் மறு ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் பூசை போட்டு வெளியிடப்படும். அதன்பின் முகவர்கள் ஆல்பத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக வருவார்கள். முருகனா, லட்சுமியா, குழந்தைப் படமா, அருவியா என்று தேர்ந்தெடுத்து, கடைப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். 2023 ஐப்பசியில் ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, நீங்கதான் எப்பப் பார்த்தாலும் கேமராவும் கையுமா வரப்புல நிக்கிறீங்க. நம்ம ஊரு வயலையே பன்னிரண்டு மாசத்துக்கும் போட்டா என்ன?”

எனக்குக் கூச்சமும் மகிழ்ச்சியும் ஒருசேர உண்டாயின. உடனே ஒப்புக்கொண்டேன். ஆனால் வீட்டிலிருந்த படங்களைப் புரட்டிப் பார்த்தபோது, தை மாதமும் மழைக்காலமும் மட்டுமே ஏராளமாக இருந்தன. மற்ற மாதங்களில் நான் கேமராவையே தொடவில்லை போலும். ஆகவே 2024-க்கு வழக்கம்போல் முருகனே இருக்கட்டும், 2025-க்கு நம்முடைய காலண்டர் என்று முடிவு செய்தோம். ஐந்நூறு பிரதிகள்.

சொந்தப் படங்களைக் கொண்டு காலண்டர் போடுபவன் முதலில் அறிந்துகொள்வது ஒன்று உண்டு. அவன் ஓராண்டு முன்னதாக வாழ்ந்து முடித்திருக்க வேண்டும். அடுத்த மாசிக்கான படத்தை இந்த மாசியில் எடுத்தாக வேண்டும். அச்சகத்துக்குச் செப்டம்பர் இறுதியில் படங்கள் போய்ச் சேர வேண்டும். அரசு விடுமுறைப் பட்டியல் வந்த பிறகு தேதிக் கட்டங்களை முடித்து அச்சேற்றுவார்கள். அதனால் 2025 நவம்பர், டிசம்பர் தாள்களுக்கான படங்களை 2023 நவம்பர், டிசம்பரிலேயே எடுத்துவிட வேண்டியிருந்தது. சுவரில் அந்தத் தாள் புரளும்போது படத்துக்கு இரண்டு வயது ஆகியிருக்கும். வானத்து விண்மீனைப் பற்றிச் சொல்வார்களே, நாம் காண்பது என்றோ புறப்பட்ட ஒளி என்று, ஏறத்தாழ அது போல.

தொழில்நுட்பத் தொல்லைகள் வேறு. படத்துக்கான இடம் பதினைந்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 4500-க்கு 3000 புள்ளிகள் வேண்டும். கேமராவில் எடுத்தால் கவலையில்லை. மாணவர் ஆசையாகக் கைபேசியில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய நல்ல படங்கள் சில, சுருங்கி வந்ததால் உள்ளங்கையளவுக்குமேல் தாங்கவில்லை. மாதிரித் தாள் ஒன்றை அச்சிட்டு அனுப்பினார்கள். அதில் பனைமரங்களின் தலைகள் எல்லாம் மேலே அடிக்கும் தகரப் பட்டைக்குள் போய்விட்டிருந்தன. அதன்பிறகு எதை எடுத்தாலும் உச்சியில் ஒரு சாண் வானத்தைத் தகரத்துக்கென்று விட்டுவைக்கப் பழகினேன். நாற்றங்காலின் பச்சை, கணினித் திரையில் கண்ணைப் பறித்தது. தாளில் சோர்ந்து கிடந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, “சார், திரையில தெரியிறது வெளிச்சம், தாள்ல விழுறது மை. அந்தப் பச்சை மையில வராது” என்றார் அச்சகத்து இளைஞர். இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

இவையெல்லாம் பழகினால் தீர்ந்துபோகும் தொல்லைகள். தீராத தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது.

தமிழிலக்கியம் கற்பிப்பவனுக்குப் பெரும்பொழுது ஆறு என்பது கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய செய்தி. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். முல்லைக்குக் கார் உரியது, குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியவை. மருதத்துக்கோ ஆறு பொழுதும் உரியவை. ‘மருதத்துக்கு எல்லாப் பொழுதும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த திணைக்கு நகர்ந்துவிடுவேன். மருத நிலத்திலேயே பிறந்து வளர்ந்தும், அந்த ஆறு பொழுதிலும் வயல் எப்படி இருக்கும் என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டிருந்தால் விழித்திருப்பேன் என்பது கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதுதான் விளங்கியது.

நவம்பரில், மழையில் நனைந்தபடி வயலில் தேங்கிய நீரை வடிய விடும் ஒரு மனிதர். டிசம்பரில், சாணப் பிள்ளையார் மேல் பூசணிப் பூ. ஜனவரியில், கொம்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்ட மாடுகள். பிப்ரவரியில், அறுவடை இயந்திரம் கிளப்பிய தூசிக்குள் அந்திச் சூரியன். மார்ச்சில், நெல் அறுத்த தாளடிக்கு இடையே தழைத்த உளுந்து. சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பாகவே நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்தபின் பனியையும் மண்ணின் ஈரத்தையும் குடித்தே அது வளர்ந்துவிடும். இதையெல்லாம் சிறுவயதில் பார்த்தவன்தான் நான். ஆனால் பார்த்ததற்கும் அறிந்ததற்கும் இடையே எத்தனை தொலைவு!

சிக்கல் மே மாதத்தில் தொடங்கியது. வெடித்த வயல், வெளுத்த வானம், வேறொன்றுமில்லை. முந்தைய ஆண்டு புரட்டாசியில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. சேற்றுழவு ஓட்டும் டிராக்டரின் பின்னால் நூற்றுக்கணக்கான கொக்குகள். மிக அழகான படம். அதை மே மாதத்துக்கு வைத்து, கணினியில் வரிசைப்படுத்தி அப்பாவிடம் காட்டினேன். எழுபத்தெட்டு வயதில், வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையோடு இருந்தார் அவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“கொக்கு நல்லாத்தான் இருக்கு. வைகாசியில ஏதுடா சேறு?”

“காலண்டர் படந்தானே அப்பா. அழகா இருந்தா போதாதா?”

“வாத்தியாருக்குப் போதும். உரக்கடைக்கு வர்றவனுக்குப் போதாது.”

அவ்வளவுதான் சொன்னார். இந்தக் காலண்டரை மாட்டப்போகிறவர்கள் யார் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். பயிரைப் பார்த்தே வயது சொல்லக்கூடிய ஐந்நூறு வீடுகள். கொக்குகளை எடுத்துவிட்டு, வெடிப்பு விட்ட தரிசில் இரவெல்லாம் அடைந்திருந்து விடியலில் எழும் ஆட்டுக்கிடையைப் படமெடுத்தேன். அதற்காக மூன்று நாள் நாலரை மணிக்கு எழ வேண்டியிருந்தது. கொக்குப் படத்தைவிட அழகு குறைவுதான். ஆனால் அப்பா அதை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவர் மொழியில் அது பாராட்டு.

ஏப்ரல் தாளுக்கு அவரே ஒரு விலக்கு அளித்தார். திருவாரூர் ஆழித்தேரை நான் படமெடுத்தது 2024 மார்ச் 21 அன்று. மார்ச் தாளில்தானே அது வர வேண்டும் என்று கேட்டேன். தேர் நட்சத்திரத்தைப் பார்த்து ஓடுவது, பங்குனி ஆயில்யம் அடுத்த ஆண்டு எப்போது வருகிறதென்று பார் என்றார். 2025-ல் தேரோட்டம் ஏப்ரல் 7 அன்று. ஆக, தேர் ஏப்ரலுக்கு நகர்ந்தது.

“தேரைப் பஞ்சாங்கக்காரன் முன்னாடியே சொல்லிடுவான் தம்பி. தண்ணியைச் சொல்ல அவனால ஆகாது.”

அந்தச் சொல்லின் கனம் ஜூனில்தான் தெரிந்தது.

எங்கள் பகுதியில் ஜூன் என்றாலே பன்னிரண்டாம் தேதிதான். குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கும் நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள். அங்கே பிரிந்து, வெண்ணாற்றில் ஓடி, தென்பெரம்பூரில் மீண்டும் பிரிந்து வெட்டாறாகி, எங்கள் ஊருக்கு வர மேலும் சில நாட்கள். வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் முதுவேனில் அது. வானத்தில் ஒரு மேகம் இருக்காது, ஆற்றில் மட்டும் வெள்ளம் வரும். குடகு மலையில் பெய்த மழை எங்கள் ஊர் வெயிலில் வந்து இறங்கும் அந்தக் காட்சியை ஜூன் மாதத் தாளுக்கென்று தொடக்கத்திலேயே மனத்தில் வரைந்து வைத்திருந்தேன். காலண்டரின் மணிமுடியாக அது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2024 ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. நான் ஆற்றுப் பாலத்தில் போய் நின்றேன். கரையோரம் காட்டாமணக்கு. மணலின் குறுக்கே இருசக்கர வாகனங்கள் போய்வந்த தடம். பாலத்துத் தூணில், ஆளுயரத்தில், என்றோ ஓடிய நீரின் கறைக்கோடு. அந்தத் தூணுக்குக் கீழே சிறுவர்கள் சிலர் குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாலை வெயிலில் அவர்களுடைய நிழல்கள் ஆற்றின் அகலத்துக்கும் நீண்டிருந்தன. பழக்கத்தால் ஒரு படம் எடுத்தேன். பயன்படுத்தும் எண்ணமில்லை.

ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் மட்டும் குறுவை நட்டார்கள். மற்றவர்கள் வானத்தையும் செய்தித்தாளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பு, ஜூலையில் கர்நாடகத்து மழை கொட்டித் தீர்த்தது. 28-ஆம் தேதி மேட்டூர் திறந்தது. 30-ஆம் தேதி அணை நிரம்பியே விட்டது. அந்த ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் கரைபுரண்ட வெள்ளம். ஆனால் குறுவைக்குரிய காலம் போயிருந்தது.

செப்டம்பரில் மாணவர் படங்களைப் பார்க்க வந்தார். ஜூன் இடத்தில் மணல் படத்தை ஒரு நிரப்பியாக வைத்திருந்தேன். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“ஐயா, இதை எப்படிங்கய்யா? வறண்ட ஆத்தை யாராவது வீட்டுல மாட்டுவாங்களா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலண்டர் படம் என்பது நம்மிடையே வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. நாடகக் குழுவில் திரைச்சீலை வரைபவராகக் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி வீடுவீடாகப் போனார்கள். ஆண்டு முடிந்த பிறகும் எறிய மனம் வராமல், தேதியை வெட்டிவிட்டுச் சட்டமிட்டுப் பூசையறையில் வைத்தவர்கள் ஏராளம். எங்கள் வீட்டுப் பூசையறையில் இன்றும் இருப்பது அப்படி வந்த லட்சுமிதான். சுவரில் மாட்டுவது மங்கலமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. இருக்க வேண்டியதைக் காட்டுவது காலண்டர் ஓவியத்தின் வேலை. என் கையில் இருந்ததோ கேமரா.

அவரிடம் இரண்டு மாற்றுவழிகள் இருந்தன. ஒன்று, 2022-ல் நான் எடுத்த படம். அந்த ஆண்டு மே 24-ஆம் தேதியே மேட்டூர் திறந்தது. விடுதலைக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல்முறை. ஜூன் தொடக்கத்தில் நுரை தள்ளிக்கொண்டு மணலை நக்கியபடி வரும் புதுத்தண்ணீரை எடுத்திருந்தேன். மற்றொன்று, இந்த ஆகஸ்டில் எடுத்த வெள்ளப் படம். “ரெண்டு மாசம் முன்னாடி நகர்த்தினா யாருக்குத் தெரியும்?” என்றார். தேரை நகர்த்தினோமே என்பது அவருடைய வாதம். எனக்கும் உள்ளூர அதுவே விருப்பம்.

அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து, பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கச் சொன்னார். சணலால் கட்டிய பழைய மாதக் காலண்டர்கள். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளை, அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பேனாவால் ‘தண்ணி’ என்று எழுதி வைத்திருந்தார். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டென்பதே எனக்குத் தெரியாது.

நாங்கள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்தோம். 2012-ல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17. 2013-ல் ஆகஸ்ட் 2. 2014-ல் ஆகஸ்ட் 15. 2015-ல் ஆகஸ்ட் 9. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. 2018-ல் ஜூலை 19. 2019-ல் ஆகஸ்ட் 13. ஒவ்வொன்றுக்கும் சில நாள் தள்ளி அப்பாவின் எழுத்து. எட்டு ஆண்டுகளின் ஜூன் தாள்களிலும் பால் கணக்கு இருந்தது, ‘தண்ணி’ இல்லை. அந்த வெறுங்கட்டங்களுக்கு மேலே ஒன்றில் பனிமலையும் ஏரியும். ஒன்றில் அருவி. ஒன்றில் வெண்ணெய்க் குடத்தோடு கண்ணன். 2020-லும் 2021-லும்தான் மீண்டும் ஜூனில் அந்தச் சொல் வந்தது. 1934-ல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்த நாள்முதல் பார்த்தாலும், குறித்த நாளில் திறந்த ஆண்டுகள் சிறுபான்மைதான். நான் ‘எப்போதும்’ என்று நினைத்திருந்தது, எப்போதாவது வாய்த்த ஒன்று.

அப்பா மாணவரைப் பார்த்துச் சொன்னார்: “இந்த வருஷம் குறுவை போட முடியாதவன் உன் கடைக்கு வருவான். அவன் வீட்டுச் சுவத்துல ஜூன் மாசம் தண்ணி ஓடுச்சுன்னு நீ எழுதி மாட்டுனா, அவன் என்ன நினைப்பான்?”

“அவன் ஏற்கெனவே பட்டவன் பெரியப்பா. முப்பது நாளும் அதையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றதும் பாவமில்லையா?”

இருவரும் சொன்னதில் எது சரி என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று விளங்கியது. தேதிக் கட்டங்கள் வரப்போவதைச் சொல்பவை. மேலே உள்ள படம் நடந்து முடிந்ததைச் சொல்வது. இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் இரண்டும் ஒன்றென்று மயங்கிவிடுகிறோம். பெரும்பொழுது ஆறு என்று கரும்பலகையில் எழுதும்போது நானும் அந்த மயக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். அட்டவணை நூலுக்கு உரியது. மண்ணில் ஒவ்வோர் ஆண்டின் முதுவேனிலும் தனித்தனி. தேர் நகரலாம், அதன் நாள் கணக்கில் இருக்கிறது. தண்ணீரை நகர்த்த எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. மணல் படமே இருக்கட்டும் என்றேன்.

மாணவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். “சரிங்கய்யா. கடையில குடுக்கும்போது சனவரித் தாள்தானே தெரியும். ஜூன் வர்றப்ப யாரும் திருப்பிக் கொண்டாந்து தரப்போறதில்லை.” படத்தின் கீழே சிறிய எழுத்தில் ‘வெட்டாறு, ஜூன் 2024’ என்று போடச் சொன்னேன். பன்னிரண்டு தாள்களுக்கும் அவ்வாறே மாதமும் ஆண்டும் போட்டோம்.

காலண்டர் வந்தது, கொடுக்கப்பட்டது, மாட்டப்பட்டது. 2025 ஜூன் பிறந்தபோது நானும் மாணவரும் சற்றுக் கலக்கத்தோடுதான் இருந்தோம். சில வீடுகளில் மே மாதத் தாளைப் புரட்டவே இல்லை என்று கேள்விப்பட்டேன். மாணவரின் சொந்தக்காரர் ஒருவர் முதல் தேதியன்றே ஜூலைக்குப் போய்விட்டாராம். ஆனால் எதிர்பாராத ஒரு கூட்டமும் கடைக்கு வந்திருக்கிறது. “அந்தப் படத்துல பந்து போடுறது நான்தான்” என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு காலண்டர் கேட்ட சிறுவர்கள். உருவம் கடுகளவுதான், முகம் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நிழலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு மேட்டூர் சரியாக ஜூன் 12 அன்று திறந்தது. சிறுவர்கள் ஆடிய இடத்தில் இடுப்பளவு தண்ணீர். சுவரில் மணல், ஆற்றில் வெள்ளம். பாலத்தில் நின்று மறுபடியும் படமெடுத்தேன். 2026 காலண்டருக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மாணவரிடம் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, இந்த முறை ஆல்பத்திலிருந்து முருகனையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் வருத்தப்படவில்லை. ஐந்நூறு வீட்டுச் சுவர்களைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் முடிந்து தாளைப் புரட்டப் போனபோதுதான் கவனித்தேன். வறண்ட மணலுக்கும் நீண்ட நிழல்களுக்கும் கீழே, இருபத்துமூன்றாம் தேதிக் கட்டத்தில், பால் கணக்குக்குப் பக்கத்தில், சற்றே நடுங்கிய எழுத்தில் எழுதியிருந்தது: தண்ணி.